அந்தப் படங்களை லேமினேட் செய்யாதீர்கள்

லேமினேஷன் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. ரேஷன் கார்டு, ஜாதகம், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், மறைந்த தாத்தாவின் போட்டோ என்று எதைக் கையில் எடுத்தாலும் நம் ஜனங்களுக்கு உடனே தோன்றுவது, "லேமினேட் பண்ணி வச்சிடலாம்" என்பதுதான். அட்டைகளோடு நின்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன். வாட்டர் கலர் படத்தையும் அதே மெஷினில் விடுகிறார்கள். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே மலையில் ஒரு பொதுக் கட்டடத்தின் சுவரை அலங்கரிப்பதற்காகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைத்தார்கள். எந்தக் கட்டடம், யார் வைத்தார்கள் என்பதெல்லாம் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். 40 படங்கள் தேர்வாயின. தேர்ந்தெடுத்த மூன்று பேரில் நானும் ஒருவன். அதில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் பாட்டி களத்தில் சாமை புடைப்பதை வரைந்திருந்தாள். முறத்திலிருந்து எழும்பும் உமியையும் தூசியையும் அவள் எந்த வண்ணத்தாலும் தீட்டவில்லை. சுற்றிலும் வண்ணத்தைப் பூசி, அந்த இடத்தில் தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவைத்திருந்தாள். யாரும் சொல்லித்தராமல் ஒரு பிள்ளைக்கு அது வந்திருக்கிறது! வாட்டர் கலரில் வெள்ளை என்று தனியாக வண்ணம் கிடையாது. வெளிச்சம் முழுவதும் தாளிலிருந்துதான் வர வேண்டும். எண்ணெய் வண்ணத்தில் தப்பிப் போனால் மேலே வெள்ளையை அப்பிக்கொள்ளலாம். இதில் தாள் போனால் படம் போச்சு.

நான் அப்போதே சொன்னேன், மவுண்ட் செய்து கண்ணாடி போட்டு மாட்டலாம், வேலையை நானே செய்து தருகிறேன், சம்பளம் வேண்டாம் என்று. "சாருக்கு எதுக்கு சிரமம்" என்று மரியாதையாகச் சிரித்தார்கள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் 40 படமும் லேமினேட் ஆகி, நான்கு மூலையிலும் ஆணி அடித்துச் சுவரில் நிற்கிறது.

இரண்டு ஐப்பசி, இரண்டு கார்த்திகை போயிற்று. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவர்களுக்கு நம் மலையின் ஈரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரம் மீட்டருக்கு மேலே, மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து போகும் ஊர் இது. தீப்பெட்டி பற்றாது, உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். ஆணி அடித்த ஓட்டை வழியாக ஈரம் உள்ளே போனது. வெளியே வர வழியில்லை. இன்றைக்கு அந்தப் படங்களில் பிளாஸ்டிக்குக்கு அடியில் கறுப்பும் சாம்பலுமாகப் பூசணம் பூத்திருக்கிறது. தாள் பழுத்து, பாட்டியின் முறத்தைச் சுற்றி இருந்த வெள்ளைத் தூசி டீத்தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது. பாட்டி போன தை மாதம் காலமாகிவிட்டார். அந்தப் பெண்ணின் அப்பா என்னிடம் வந்து, "அய்யா, அந்தப் படத்தைக் கழட்டிக் குடுப்பாங்களா, வீட்டுல வச்சுக்கிறோம்" என்று கேட்டார். கழற்றலாம். ஆனால் பிளாஸ்டிக்கை உரித்தால் வண்ணமும் சேர்ந்து உரிந்து வரும். சூட்டில் ஒட்டிய பசை அது. தாளின் மேல்தோல் வரைக்கும் பிடித்திருக்கிறது.

இந்த ஆடியில் மறுபடியும் போட்டி. மறுபடியும் அதே பேச்சு. "லேமினேட் பண்ணிட்டா லைஃப் லாங் வரும் சார்" என்கிறார் ஒருவர். யாருடைய லைஃப் என்று கேட்கத் தோன்றியது, வயசுக்கு மரியாதை கொடுத்து அடக்கிக்கொண்டேன்.

முதல் குற்றவாளி லேமினேஷன் மெஷின் கூட இல்லை. பிள்ளைகள் கையில் கொடுக்கப்பட்ட தாள். வழவழப்பான சார்ட் பேப்பரை நாலாக வெட்டிக் கொடுத்தார்கள். ஊருக்குப் போனால் பெற்றோர் கேட்பதும் 'எத்தனை கலர் பாக்ஸ்' என்றுதான். 12 கலரா, 24 கலரா, ஃபாரின் பிரஷ்ஷா என்று விசாரிப்பார்கள். தாளைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நான் சொல்வது நேர் எதிர். காசு கம்மியாக இருந்தால் வண்ணத்தில் குறையுங்கள், மூன்று டியூப் போதும். தாளில் குறைக்காதீர்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகங்களில் ஃபைல் கட்டியவன் என்ற முறையில் எனக்கு இதில் பேச உரிமை உண்டு. ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஆமோதிப்பார்கள். 150 வருஷத்துப் பழைய பதிவேட்டைப் புரட்டலாம். தாள் துணி மாதிரி வளைந்து கொடுக்கும். 1970களில் போட்ட ஃபைலைத் திறந்தால் ஓரமெல்லாம் அப்பளமாக நொறுங்கிக் கையில் வரும். காரணம் எளியது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் ஐரோப்பாவில் காகிதம் பழந்துணியிலிருந்துதான் வந்தது. பருத்தியும் லினனும் கிட்டத்தட்ட சுத்தமான செல்லுலோஸ். அப்புறம்தான் மரக்கூழ் வந்தது. மரத்தில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. அதை எடுக்காமல் விட்டால் வெயிலும் காற்றும் பட்டுத் தாள் மஞ்சளாகிவிடும். பழைய செய்தித்தாளே சாட்சி. அது போதாதென்று படிகாரமும் ரோசினும் சேர்த்த தாளில் அமிலம் ஊறி, உள்ளிருந்தே அரிக்கும்.

தஞ்சாவூர் ஓவியர்கள் கம்பெனி துரைமார்களுக்காக நம் ஊர்த் தொழிலாளிகளையும் திருவிழாக்களையும் வரைந்து கொடுத்த படங்கள் 200 வருஷம் தாண்டி லண்டன் மியூசியங்களில் இருக்கின்றன. அவற்றில் பல, ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த கந்தல் துணிக் காகிதத்தில் வரைந்தவை. ஆல்பத்துக்குள் வெளிச்சம் படாமல் இருந்ததும் ஒரு காரணம். நம் பிள்ளைகளின் படங்களுக்கு இரண்டு வருஷம் கூட ஆயுள் கிடைக்கவில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். தமிழ் டைப்பிங் லோயர் பாஸ் செய்ய நான் பட்ட பாட்டை முன்பே எழுதி உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்தப் படிப்பால் ரெவின்யூ வேலைக்குக் காலணா பிரயோஜனம் இருந்ததில்லை, ஆனால் தாள் விஷயத்தில் உதவியது. டிராயிங் வகுப்பில் 'தாள் எடு' என்று சொல்ல மாட்டார்கள், 'கான்சோன் எடு' என்பார்கள். அது ஒரு கம்பெனியின் பெயர். நாம் போட்டோஸ்டாட்டுக்கு ஜெராக்ஸ் என்பது போல. அந்தக் காகித ஆலையை நடத்திய மோங்கோல்ஃபியே குடும்பத்துச் சகோதரர்கள்தான் 1783இல் துணிக்கு உள்ளே காகிதம் ஒட்டிய பலூனைச் சூடான காற்றால் பறக்கவிட்டவர்கள். காகிதக்காரன் வீட்டுப் பிள்ளைகள் என்பதால்தான் அந்த யோசனையே வந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

தாளின் மேற்பரப்புக்கும் பிரெஞ்சில் அழகான பெயர்கள் உண்டு. வழவழப்பானது சத்தினே, நடுத்தரம் கிரேன் ஃபேன், கரடுமுரடானது கிரேன் தோர்ஷோன். தோர்ஷோன் என்றால் சமையலறையில் பாத்திரம் துடைக்கும் துணி! நம் கடைகளில் இவற்றை ஹாட் பிரஸ், கோல்ட் பிரஸ், ரஃப் என்று கேட்க வேண்டும். பேனாவால் நுணுக்கமாக வரைபவர்களுக்கு முதலாவது. மலையும் மேகமும் தீட்டுகிறவர்களுக்கு மூன்றாவது. பிரஷ்ஷை வேகமாக இழுத்தால் பள்ளங்களில் வண்ணம் விழாமல் வெள்ளைப் புள்ளிகள் நிற்கும், ஆகாய கங்கை அருவியை அப்படித்தான் தீட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு நடுவில் உள்ளது சரி.

அடுத்தது கனம். 300 ஜிஎஸ்எம் என்று கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 300 கிராம் என்று அர்த்தம். அதற்குக் கீழே போனால் தண்ணீர் பட்டதும் தாள் அலை அலையாக எழும்பும். முன்கூட்டியே நனைத்துப் பலகையில் கம் டேப் ஒட்டி இழுத்துக் காய வைக்கலாம், ஆனால் நம் மலையில் மார்கழியில் அது காய இரண்டு நாள் ஆகும். பிள்ளைகளிடம் அதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

கனத்தை விட முக்கியம் கஞ்சி. ஆமாம், கஞ்சிதான். குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் சைசிங் மில் என்றால் எல்லாருக்கும் தெரியும், பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றும் இடம். தாளுக்கும் அதே பெயர், அதே வேலை. நல்ல தாளுக்கு ஜெலட்டின் ஏற்றியிருப்பார்கள். அதனால் தண்ணீர் உடனே உறிஞ்சப்படாமல் மேலே நின்று, வண்ணம் பளிச்சென்று உட்காரும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பிளாட்டிங் பேப்பர் மாதிரி உடனே குடித்துவிட்டால் அந்தத் தாள் வேண்டாம். மெழுகு பூசிய மாதிரி உருண்டு ஓடினாலும் வேண்டாம். இன்னொன்று, ஈரத்தில் கிடந்தால் இந்தக் கஞ்சியும் கெட்டுப்போகும். அப்படிக் கெட்ட தாளில் அங்கங்கே வண்ணம் திட்டுத் திட்டாக இறங்கும். ஆகவே மலையில் தாளை வாங்கி அலமாரியில் திறந்து வைக்காதீர்கள். பாலிதீன் உறையில் சுற்றித் தகரப் பெட்டியில் படுக்கையாக வையுங்கள், கூடவே நாலு சிலிகா ஜெல் பொட்டலம் போடுங்கள்.

'வாட்டர் கலர் பேட்' என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். 100 சதவீதம் காட்டன் என்று எங்கேயாவது சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டை எடுத்து, பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் மூன்று வாரம் வையுங்கள். மூடாத பாதி மஞ்சளானால் தெரிந்துவிடும்.

"இதெல்லாம் ஃபாரின் சரக்கு, நமக்குக் கட்டுப்படியாகுமா?" என்று கேட்பார்கள். இங்கேதான் எனக்குக் கோபம் அதிகமாகிறது. நம் நாமக்கல் மாவட்டத்திலேயே பள்ளிபாளையத்தில் பெரிய காகித ஆலை இருக்கிறது. காவிரிக்கு அந்தப் பக்கம் கரூர் மாவட்டத்தில், காகிதபுரம் என்று ஊருக்கே பெயர் வைத்து, கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறார்கள். எழுதவும் அச்சடிக்கவும் நல்ல தாள்கள், குறை சொல்லவில்லை, வாட்டர் கலர் வேலைக்கு ஏற்பட்டவை அல்ல. ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனிகளின் வெட்டுத் துண்டுகள் இருக்கின்றனவே, அந்தப் பருத்திக் கழிவு கைக்காகிதத்துக்கு முதல்தரமான சரக்கு. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறை 1959இலிருந்து பருத்தித் துணியில் தாள் செய்துவருகிறது. ஜெய்ப்பூருக்குப் பக்கத்தில் சாங்கனேரில் உள்ள தேசியக் கைக்காகித நிறுவனத்துக்கு யார் பெயர் தெரியுமா? தஞ்சாவூரில் பிறந்த நம் ஜே.சி. குமரப்பாவின் பெயர். காந்தியோடு நின்று கிராமக் கைத்தொழிலுக்காக வாழ்நாளைக் கொடுத்தவர். அவர் பெயரை ராஜஸ்தானில் வைத்திருக்கிறார்கள். அவர் பிறந்த மாநிலத்தில் பிள்ளைகளுக்கு சார்ட் பேப்பர்.

கைக்காகிதம் என்றதும் பூவிதழ் ஒட்டிய கல்யாணப் பத்திரிகைத் தாளை வாங்கிவராதீர்கள். அதில் வண்ணம் வைத்தால் பரவிப் பாழாகும். வாட்டர் கலருக்குக் கஞ்சி ஏற்றியதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முழுத் தாள் 22க்கு 30 அங்குலம். அதை எட்டாக மடித்துக் கிழித்தால் ஒவ்வொன்றும் ஏழரைக்குப் பதினொன்று. பள்ளிப் பிள்ளைக்கு அந்த அளவு தாராளம். 40 பிள்ளைகளுக்கு ஐந்தே தாள். ஐந்து தாள் வாங்க வக்கில்லாத விழாவுக்கு பேனர் எத்தனை அடி, யார் யார் போட்டோ என்று ஒரு கூட்டம் முழுவதும் பேசுகிறார்கள்.

சரி, படம் முடிந்தது, மாட்ட வேண்டும். நம் ஃப்ரேம் கடைகளின் வழக்கம் எல்லாருக்கும் தெரியும். ஹார்ட்போர்டில் ஃபெவிகால் தடவிப் படத்தை அறைந்து ஒட்டி, மேலே கண்ணாடியை அழுத்தி, பின்னால் ஆணி. தாள் உயிருள்ள சாமான் மாதிரி, ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். முழுக்க ஒட்டிவிட்டால் அதற்கு அசைய இடமில்லாமல் குமிழும். ஹார்ட்போர்டின் பழுப்பு மெல்லத் தாளில் ஏறும். கண்ணாடி படத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் பனிக்காலத்தில் கண்ணாடியின் உள்பக்கம் வியர்த்து, அந்த ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். செல்லோடேப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். பசை பழுத்து எண்ணெய்க் கறை மாதிரி முன்பக்கம் வந்து நிற்கும்.

படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஜன்னல் வெட்டிய அட்டை ஒன்று வைக்கிறோமே, மவுண்ட் என்கிறோம், அது அழகுக்காக மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் முதல் வேலை கண்ணாடியைத் தள்ளி நிறுத்துவது. பிரெஞ்சில் அதற்கு பாஸ்பார்தூ என்று பெயர். எல்லாப் பூட்டுக்கும் ஆகும் சாவிக்கும் அதே பெயர்தான். ஜூல்ஸ் வெர்ன் எழுதிய எண்பது நாளில் உலகைச் சுற்றும் கதையில் வேலைக்காரன் பெயரும் அதுவே. அட்டை அமிலம் இல்லாததாக இருக்க வேண்டும். வெட்டிய ஓரத்தில் நடு அடுக்கு பழுப்பாகத் தெரிந்தால் அந்த அட்டையைத் தொடாதீர்கள்.

படத்தைப் பின் அட்டையில் எப்படி நிறுத்துவது? மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில், மெல்லிய கைக்காகிதத்தில் கீல் மாதிரி மடித்து, மைதாப் பசையால் ஒட்டினால் போதும். கீல் காகிதம் படத்தின் தாளை விட மெலிதாக இருக்க வேண்டும். ஃப்ரேம் கீழே விழுந்தால் கீல் கிழியட்டும், படம் கிழியக் கூடாது. பசையை அன்றன்று காய்ச்சுங்கள். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடும் பழக்கம் பைண்டிங்காரர்களுக்கு உண்டு, நம் ஆபீஸ்களிலும் போடுவார்கள். படத்துக்கு அது ஆகாது, செம்பு தாளை அரிக்கும். அடுத்தது ராமபாணப் பூச்சி. பசையை அளவாகத் தடவினால், அட்டையின் பின்பக்க இடுக்குகளை பிரவுன் பேப்பரால் அடைத்தால், அது வருவது பெருமளவு குறையும்.

பசையே வேண்டாம் என்றால் இன்னும் சுலபமான வழி இருக்கிறது, அதற்கு உங்கள் வயதுக்காரர்கள்தான் தோது. பழைய போட்டோ ஆல்பங்களில் முக்கோண மூலைகள் இருக்குமே, கறுப்புத் தாளில்? நல்ல தாளில் அதே மாதிரி மூலைகள் மடித்து அட்டையில் ஒட்டி, படத்தைச் செருகிவிட வேண்டியதுதான். படத்தில் ஒரு பொட்டுப் பசை படாது. எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளே செய்வார்கள்.

சுவரிலும் விஷயம் இருக்கிறது. மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். ஃப்ரேமின் கீழ் இரண்டு மூலைக்குப் பின்னால் கார்க் துண்டு வைத்தால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். ஜன்னலுக்கு எதிரே வேண்டாம். வெளிச்சம் வாட்டர் கலரைத் தின்னும் என்பது 1888இலேயே இங்கிலாந்தில் ரஸ்ஸல், ஆப்னி என்ற இரண்டு விஞ்ஞானிகள் சோதித்து அறிக்கை கொடுத்த சங்கதி. ஸ்காட்லாந்தின் தேசிய ஓவியக் கூடத்துக்கு டர்னரின் வாட்டர் கலர்களை 1900இல் உயிலில் எழுதிவைத்த ஹென்றி வாகன், அவற்றை ஜனவரி மாதம் மட்டுமே காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அந்த ஊரில் வெயில் ரொம்பக் குறைந்த மாதம் அது. இன்றும் ஜனவரியில்தான் காட்டுகிறார்கள்.

"40 ஃப்ரேமுக்குப் பணம் யார் தருவது?" என்பது நியாயமான கேள்வி. லேமினேஷனை விட அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் 40 ஃப்ரேம் எதற்கு? பத்துப் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை படங்களை மாற்றுங்கள். ஒரு வருஷத்தில் 40 பிள்ளைகளின் படமும் சுவருக்கு வந்துவிடும், மீதி நேரம் தகரப் பெட்டியில் இருட்டில் பத்திரமாக இருக்கும். வருஷக் கடைசியில் படத்தை மூலையிலிருந்து உருவி அந்தந்தப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்பலாம்.

"சின்னப் பிள்ளைங்க கிறுக்குனதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றும் ஒருவர் கேட்டார். மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞரை எல்லாருக்கும் தெரியும். அவர் ஓவியரும்கூட என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பாட்டை அச்சில் ஏற்றலாம், நாலு பேர் மனப்பாடம் செய்யலாம். படத்துக்கு ஒரே உடம்பு. மலையாளி மக்கள் சாமை புடைப்பதை, புடைத்த அந்தப் பாட்டியின் பேத்தியே வரைந்து யாரிடம் இருக்கிறது? மொபைலில் எடுத்த போட்டோ இருக்கிறது என்கிறார்கள். முட்டிமோதித் தேடினேன், அதுவும் ஒருவரிடமும் இல்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை செம்மேட்டில் ஏற்பாட்டுக் கூட்டம். ஐந்து தாளை நானே வாங்கி வைத்துவிட்டேன், எட்டாகக் கிழித்தும் ஆயிற்று. மாதிரிக்கு ஒரு ஃப்ரேம் கட்டி எடுத்துப் போகிறேன். மவுண்ட் அட்டை வெட்டத் தெரிந்தவர்கள், கண் நன்றாகத் தெரிகிறவர்கள் இரண்டு பேர் துணைக்கு வந்தால் நல்லது. சேலத்திலிருந்து வருபவர்கள் காலை பஸ்ஸைப் பிடித்தால் கூட்டத்துக்கு முன்னால் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.